சவுண்ட் கார்டு பெட்டியில் லினக்ஸ் பெயரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பார்வையற்ற கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்துப் பதிவுசெய்து தருபவர்களில் நானும் ஒருவன். மடிக்கணினியின் மைக் துளையில் செருகிப் பேசினால், குரலுக்கு அடியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் விடாமல் கேட்கிறது. காதால் மட்டுமே படிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரும் இடைஞ்சல் என்பதால் சென்ற ஆண்டு கணினிக்கு வெளியே செருகி ஒலியைப் பதிவுசெய்யவும் கேட்கவும் உதவும் யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கினேன். என் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக இருப்பது உபுண்டு லினக்ஸ் என்னும் இயங்குதளம். ஸ்பீக்கரில் ஒலி வந்தது. மைக் மட்டும் கடைசிவரை வேலை செய்யவில்லை. அதை இயக்கும் மென்பொருளை நிறுவனம் விண்டோஸுக்கு மட்டுமே தந்திருந்தது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையிலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

“லினக்ஸுக்கு எதுவும் சரிப்படாது சார்” என்று கடைக்காரர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 2003 டிசம்பரில் வெளியான லினக்ஸின் 2.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) ‘ஆல்சா’ என்னும் ஒலி அமைப்பு இடம்பெற்றுவிட்டது. ‘யூஎஸ்பி ஆடியோ கிளாஸ்’ என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிக்குத் டிரைவர் எனப்படும் தனி இயக்கு மென்பொருள் தேவையில்லை. செருகியதும் கெர்னலே அடையாளம் கண்டுகொள்ளும். பெட்டியில் ‘கிளாஸ் கம்ப்ளையன்ட்’ (அத்தரத்தைப் பின்பற்றுவது) என்றோ, ஐபேடில் இயங்கும் என்றோ அச்சிட்டிருந்தால், ஐபேடும் இதே தரத்தை நம்பியே இயங்குவதால், பெரும்பாலும் துணிந்து வாங்கலாம்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சி-மீடியா நிறுவனத்தின் சிப் கொண்ட சிறு அடாப்டர்கள்கூட இவ்வகையில் இயங்குபவையே. பெகிரிங்கர் நிறுவனத்தின் யூசிஏ202 என்னும் சவுண்ட் கார்டு லினக்ஸில் தொல்லையின்றி இயங்கினாலும் அதில் மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி இல்லை. குரல் பதிவுக்கு, அப்பகுதி உள்ள, அதே நிறுவனத்தின் யூஎம்சி22 பொருத்தமானது. ஒலிப்பதிவின் நுணுக்கத்தைக் காட்டும் அளவுகளில், இரண்டும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை தருகின்றன. வாசிப்புக்கு அது தாராளம். 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. முடிந்தால் மடிக்கணினியைக் கடைக்கே எடுத்துச் சென்று, டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) ‘arecord -l’ என்ற கட்டளை கொடுத்துக் கருவியின் பெயர் வருகிறதா என்று பார்த்து, ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேட்ட பிறகே பணம் கொடுப்பது நல்லது.

விண்டோஸ், மேக் என்று அச்சிடும் நிறுவனங்கள் லினக்ஸ் என்ற ஒரு சொல்லையும் சேர்த்தால் என்னைப் போன்றவர்களின் பணம் வீணாகாது. தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒலிக் கருவிகளை அறிமுகப்படுத்தும்போது, விலையோடு இந்தத் தகவலையும் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.