பெரிய கொடுவாவை விட்டுவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

விடுமுறை நாள்களில் வேலூரிலிருந்து தூண்டிலும் கையுமாகக் கிழக்குக் கடற்கரைக்குச் செல்வோருள் நானும் ஒருவன். பாறை, சீலா, கடல்விரால் என எந்த மீன் சிக்கினாலும் மகிழ்ச்சிதான்; ஆயினும் நம் பாலாறு கடலில் கலக்கும் வாயலூர் போன்ற முகத்துவாரங்களை நாடிச் செல்லும் எங்களுக்குக் கொடுவாவே பெருங்கனவு. இம்மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறுவதால், நாம் பெருமையுடன் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொள்ளும் பெரிய மீன்கள் பெரும்பாலும் இலட்சக்கணக்கில் முட்டையிடும் தாய்மீன்களே என்பதைப் பலர் அறிவதில்லை. அத்தகைய மீன் ஒன்று சுடுமணலில் துடித்ததைச் சென்ற மாதம் கண்டு மனம் வெதும்பினேன். மீன்வளம் பெருக விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் கரையில் நிற்கின்றன. பொழுதுபோக்காகத் தூண்டிலிடும் நாம், பெரிய கொடுவாவை ஈரக் கையால் தாங்கி, தூண்டில் முள்ளைக் கழற்றி, உடனே நீரில் விடலாமே.

இப்படிக்கு,
தூண்டில் ஆர்வலர் ஒருவர்,
காட்பாடி, வேலூர்.