பாலுவுக்கு இப்போது லெவல் 16

அன்புள்ள சண்முகம்,

இங்கே மரகதமும் பிள்ளைகளும் சுகம். பேத்தி காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக முருகேசன் சொன்னான். வை, உனக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டு வை. தம்பி பாலுதான் காரணம்.

பங்குனியில் அவனுக்கு மறுபடி ஃபிட்ஸ் வந்தது, நாலு வருஷத்துக்கு அப்புறம். கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் லெவல், அதாவது ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமலேயே, அவன் போடுகிற வலிப்பு மாத்திரை பினைடாயினை 300 மில்லிகிராமிலிருந்து 400 ஆக்கினார்கள். மூன்று வாரத்தில் பிள்ளை தள்ளாட ஆரம்பித்தான். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான், பேச்சு குழறியது. டீக்கடையில் ஒருத்தன் "காலையிலேயேவா?" என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து, "அண்ணே, நான் குடிக்கலேண்ணே" என்று என்னிடம் சத்தியம் பண்ணினான். ஐம்பத்திரண்டு வயசுக்காரன், சண்முகம்.

வேறு டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் 10 முதல் 20 வரை இருக்க வேண்டிய மருந்து 34 இருந்தது. நூறுதானே கூட்டினார்கள், எப்படி இவ்வளவு ஏறும் என்று கேட்டேன். நம்ம ஊர்க் குளத்து மதகை நினைத்துக்கொள். முழுசாகத் திறந்த பிறகு அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடுதலாகப் போகாது. வருகிற தண்ணீரெல்லாம் குளத்தில்தான் ஏறும். பினைடாயினைக் கழிக்கிற ஈரலும் அப்படித்தானாம். ஓர் அளவைத் தாண்டிவிட்டால் கொஞ்சம் கூட்டினாலே கிடுகிடுவென்று ஏறிவிடும். இப்போது 325, அதாவது பழைய 300-ஓடு ஐம்பது மில்லிகிராம் மாத்திரையில் பாதி. அந்த அரை மாத்திரையை நானே உடைத்துக் கொடுக்கிறேன்.

இதில் இன்னொரு சங்கடம். காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும். முதல் தடவை திருநெல்வேலிக்குப் போக அவன் நாலு மணிக்கே எழுந்தான். தூக்கம் கெட்டாலே அவனுக்கு ஆபத்து. இதில் மாத்திரையும் போடாமல் பஸ்ஸில்! ஒன்பதரைக்கு ரத்தம் எடுக்கும்வரை அவன் கையை நான் விடவில்லை. பள்ளி மைதானத்தில் நீ அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்த நாள்தான் வழி முழுக்க ஞாபகம்.

போன வாரம் லேப் பையனை வீட்டுக்கே வரச்சொன்னோம். ஆறரைக்கு வந்தான், கட்டிலிலேயே எடுத்தான், கடைசியாக எத்தனை மணிக்கு மாத்திரை போட்டான் என்று எழுதிக்கொண்டான். ஆறே முக்காலுக்கு மாத்திரை, ஏழுக்கு இட்லி. லெவல் 16. நான் சாமி ரூமில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தபால்காரா, இனி வருவது உனக்கு. விரல் நுனியில் குத்தி ஒரு தடிப்பான காகிதத்தில் சில சொட்டு விட்டு, இரண்டு மூன்று மணி நேரம் உலரவைத்து, சாதாரணத் தபாலில் லேபுக்கு அனுப்பலாமாம்! பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்திச் சோதிப்பார்களே, அதே காகிதம்தான். 1960களில் அதைக் கொண்டுவந்தவர் ராபர்ட் கத்ரி என்ற அமெரிக்கர். அவருடைய மகனுக்கே மனவளர்ச்சிக் குறை இருந்ததாம். வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு தவித்தவருக்குத்தான் இப்படி எளிதாக ஒரு வழி தோன்றும் என்று எனக்குப் படுகிறது. வலிப்பு மாத்திரைகளின் அளவையும் இப்படிப் பார்க்க முடியும் என்று ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ரத்தம் கெட்டியா நீர்த்ததா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும், அதனால் முதலில் குழாயில் எடுத்த ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் லேபில் இன்னும் அது இல்லை. வர வேண்டும் சண்முகம். லேப் பையன் வந்து போகாத மலையடிவாரத்து ஊர்களிலும் தபால்பெட்டி இருக்கிறதே.

அடுத்த லெவல் ஆவணி முதல் வாரம். முந்தின ராத்திரியே வந்துவிடு. ஊசி போடும்போது சண்முகண்ணன் பக்கத்தில் இருக்கணும் என்று பாலு சொல்கிறான்.

உன்,
கணேசன்