உருளைக்கிழங்குக்கு ஒன்பது மார்க்

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் வந்தது. பேத்தி பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். பெயர் முடிவானதும் எழுது. வீட்டுச் செய்தியைக் கடைசியில் சொல்கிறேன். விடைத்தாள் முகாமில் நடந்த வாக்குவாதத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனசு வராது.

ஐந்து மார்க் கணக்கு. முதல் வரியில் பெருக்கல் தப்பு. அதற்கப்புறம் பிள்ளை ஒரு படிகூடச் சறுக்கவில்லை, ஆனால் கடைசி விடை கீயோடு (விடைக்குறிப்போடு) ஒத்துப்போகவில்லை. பக்கத்து மேஜைக்காரர் இரண்டு போதும் என்றார், நீ நான்கு என்று நின்றாய், கடைசியில் மூன்றில் முடித்து வைத்தார்கள். 'உங்கள் ஊரில் என்ன போடுவார்கள்?' என்று கேட்டிருக்கிறாய். நான்குதான் போடுவார்கள். அந்த ஒரு மார்க்கை எங்கே குறைப்பது என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். சமரசத்துக்கு இடமே இருக்காது.

நான் இங்கே அமெரிக்காவில் நடத்துவது ஏபி கால்குலஸ். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுக் கணக்கை எழுதிப் பார்க்கிற தேர்வு. மே மாதம் நடக்கும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்க 45 கேள்விகள், விரித்து எழுத 6 கேள்விகள். அந்த ஆறுக்கும் தலா 9 மார்க், மொத்தம் 54. முதல் பகுதியின் மதிப்பையும் 54-க்கு ஏற்றிக்கொண்டு இரண்டையும் கூட்டி, 1 முதல் 5 வரை ஒரே எண்ணாகச் சுருக்கிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடுத்தாலே பெரும்பாலும் 5 கிடைத்துவிடும். அதனால் இங்கே சென்டம் என்ற பேச்சே கிடையாது. நம் ஊரில் 99 வாங்கிவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளை நீயும் நானும் எத்தனை பேரைத் தேற்றியிருக்கிறோம்!

இரண்டாம் பகுதியைத் திருத்த ஜூன் மாதம் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் கூடுவார்கள். நான் போனது கான்சாஸ் சிட்டிக்கு. ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தால் நாள் முழுக்க அதே கேள்விதான், திரும்பத் திரும்ப. அதற்கு முன் மாதிரி விடைகளைக் கொடுத்து, எல்லாரும் ஒரே மார்க் போடுகிற வரை பயிற்சி. அப்புறமும் மேஜைத் தலைவர் நாம் திருத்தியதில் சிலவற்றை எடுத்துத் திரும்பிப் பார்ப்பார். நம் முகாமில் ஸ்க்ரூட்டினி பார்ப்பவர் கூட்டல் சரியா என்று பார்ப்பார் அல்லவா, இவர் நாம் வாசித்த விதமே சரியா என்று பார்ப்பார். அங்கே பார்த்த பிள்ளைகளின் விடைகளை வெளியில் சொல்லக்கூடாது. அதனால் இனி நான் சொல்வதெல்லாம் என் வகுப்பில் பார்த்தது.

2017-இல் வந்த ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேகவைத்த உருளைக்கிழங்கை அடுப்பிலிருந்து எடுத்து சமையலறையில் ஆற வைக்கிறார்கள். எடுத்தபோது உள்ளே 91 டிகிரி செல்சியஸ். வெப்பநிலை மாறும் வீதம் = −¼ × (வெப்பநிலை − 27), நேரம் நிமிடத்தில். கணக்கில் எழுதியிருக்காவிட்டாலும் அந்த 27 சமையலறையின் வெப்பம் என்பது உனக்குப் புரியும். மதுரையில் அப்படியொரு சமையலறை இருந்தால் நான் அங்கேயே படுத்துத் தூங்குவேன். நம் பிளஸ் டூ புத்தகத்திலும் இதே நியூட்டனின் குளிர்வு விதிதான், ஆனால் அங்கே கிடப்பது பிணம்! இரவு எட்டு மணிக்குப் பிணத்தைக் கண்டுபிடித்து, அதன் சூட்டை வைத்துக் கொலை நடந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். அறை வெப்பநிலை 50 டிகிரி பாரன்ஹீட் என்று போட்டிருக்கும். அதாவது 10 செல்சியஸ். கொலை ஊட்டியில்தான் நடந்திருக்க வேண்டும்.

சரி, கிழங்குக்கு வருகிறேன். முதல் பிரிவு, தொடக்கப் புள்ளியில் தொடுகோடு போட்டு மூன்றாவது நிமிடத்தின் வெப்பநிலையைத் தோராயமாகச் சொல்வது. சாய்வு −¼ × 64, அதாவது −16. கோடு 91 − 16 × நேரம். மூன்று நிமிடத்தில் 43 டிகிரி. இதற்கு 3 மார்க், சாய்வுக்கு ஒன்று, கோட்டுக்கு ஒன்று, விடைக்கு ஒன்று. என் வகுப்பில் ஒரு பெண் 64-ஐ நான்கால் வகுத்து 14 என்று எழுதினாள். கோடு 91 − 14 × நேரம், விடை 49. இரண்டு மார்க் போட்டேன். வகுத்தலில் செய்த தப்புக்கு சாய்வின் மார்க் போயிற்று, அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் சரியான கால்குலஸ். உன் முகாம் விடைத்தாளும் இதே கதைதான். ஒரே தப்புக்கு இரண்டு தடவை அடிக்கக்கூடாது. ஒரு விதிவிலக்கு உண்டு: அந்தத் தப்பு மிச்சக் கணக்கைச் சுலபமாக்கிவிட்டால் சலுகை கிடைக்காது. அது நியாயம்தான்.

இரண்டாவது பிரிவுக்கு ஒரே ஒரு மார்க். என்னைக் கேட்டால் இந்தக் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது. அந்த 43 உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவா, கூடுதலா? இரண்டாம் வகைக்கெழுவை, அதாவது மாறும் வீதமே மாறுகிற வீதத்தை, வைத்துச் சொல்ல வேண்டும். வகையிட்டால் 1/16 × (வெப்பநிலை − 27) வரும். கிழங்கு எப்போதும் 27-க்கு மேலேயே இருப்பதால் அது மிகை எண், அதாவது பூஜ்யத்துக்கு மேல். வளைவரை மேல்நோக்கிக் குழிந்திருக்கிறது, தொடுகோடு அதற்குக் கீழே ஓடுகிறது, ஆகவே 43 குறைவு. 'குறைவு' என்று மட்டும் எழுதினால் பூஜ்யம். 'இரண்டாம் வகைக்கெழு மிகை' என்று சொல்லி, அது ஏன் மிகை என்பதையும் காட்டினால்தான் ஒன்று. 'அது மிகை, ஆகவே குறைவு' என்று எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். எது மிகை? வெப்பநிலையா, அதன் வீதமா, வீதத்தின் வீதமா? நீயும் நானும் ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கு மார்க் கிடையாது.

இந்த ஒரு மார்க்குக்காகத்தான் எனக்கு நம் ஊர்க் கேள்வித்தாள் மேல் கோபம். 90 மார்க் தாளில் ஐந்து மார்க் கணக்கு மட்டும் ஏழு எழுதுகிறார்கள். பகுதித் தொகையிடல், வளைவரைகளுக்கு இடைப்பட்ட பரப்பு, நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு எல்லாம் போடுகிறார்கள். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் பார்த்தால் பேனாவை வைத்துவிடுவார்கள். ஆனால் உன் சென்டம் பிள்ளையிடம், 'நீ போட்ட தோராயம் ஏன் குறைவு?' என்று கேட்டுப் பார். கீயில் இல்லாத கேள்விக்கு முழிப்பான். அது அவன் குற்றமா என்ன? எந்தக் கேள்விக்கு மார்க் இருக்கிறதோ அதைத்தானே நாமும் நடத்துகிறோம்.

மூன்றாவது பிரிவுக்கு 5 மார்க். உன் பிள்ளைகளுக்கே அங்கே ஒரு குழி இருக்கிறது. வேறொரு மாதிரியைக் கொடுக்கிறார்கள்: நேரம் 10 நிமிடத்துக்குள் இருக்கும்போது, மாறும் வீதம் = −(வெப்பநிலை − 27)-இன் 2/3 அடுக்கு. மூன்றாவது நிமிடத்தில் வெப்பநிலை என்ன? குளிர்வு விதி என்று மனப்பாடம் செய்தவன் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குக்குறிச் சார்பை எழுதிவிடுவான். மாறிகளைப் பிரிக்காமல், அதாவது வெப்பநிலையை ஒரு பக்கமும் நேரத்தை மறுபக்கமும் கொண்டுவராமல் எழுதினால் ஐந்துக்கு பூஜ்யம், பேச்சே இல்லை. ஒழுங்காகப் பிரித்துத் தொகையிட்டால் 3 × (வெப்பநிலை − 27)-இன் கனமூலம் = −நேரம் + மாறிலி. தொடக்கத்தில் 64-இன் கனமூலம் 4, ஆகவே மாறிலி 12. மூன்றாவது நிமிடத்தில் கனமூலம் 3, அதன் கனம் 27. கிழங்கின் வெப்பம் 27 + 27 = 54. எண்களை எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள், பார்! கால்குலேட்டர் இல்லாத பகுதி என்பதால் இந்தக் கரிசனம்.

அந்த மாறிலியை எழுத மறந்தால்? பிரித்ததற்கு ஒன்று, தொகையிட்டதற்கு ஒன்று, அதோடு சரி. ஐந்துக்கு இரண்டைத் தாண்ட முடியாது. பெற்றோர் சந்திப்பில் ஒரு அப்பா இதற்காக என்னோடு மல்லுக்கு நின்றார். 'ஒரே ஒரு எழுத்துக்கு மூன்று மார்க்கா?' என்றார். கடுமைதான், ஆனால் சரியான கடுமை என்பது என் கட்சி. மாறிலி இல்லையென்றால் 91 டிகிரியிலிருந்து ஆறத் தொடங்கியது என்ற தகவலைக் கணக்குக்குள் கொண்டுவர வழியே இல்லை. அப்புறம் அவன் யாருடைய கிழங்கைப் பற்றி எழுதுகிறான்?

இவர்களிடம் எனக்குப் பிடிக்காததும் ஒன்று உண்டு. எண் விடையைச் சுருக்க வேண்டியதில்லை. 91 − 16 × 3 என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், முழு மார்க். சுருக்கப் போய்த் தப்பு செய்தால்தான் மார்க் போகும். அதனால் புத்திசாலிப் பிள்ளைகள் எல்லாம் பாதியிலேயே நிறுத்தப் பழகிவிட்டார்கள். தேர்வுக்கு அது நல்ல தந்திரம்தான், நானே சொல்லித்தருகிறேன். ஆனாலும் 43 என்று எழுதிப் பார்த்தால்தானே, 91-இல் இருந்த கிழங்கு மூன்றே நிமிடத்தில் இவ்வளவு ஆறிவிடுமா என்ற சந்தேகம் வரும்? சுருக்காதவனுக்கு அந்தச் சந்தேகமே வராது. இதில் நான் உன் கட்சி.

அப்புறம் சமக்குறி. உனக்கும் எனக்கும் தீராத தலைவலி. −¼ × 64 = −16 = 91 − 48 = 43 என்று ரயில் பெட்டிகளைக் கோத்துக்கொண்டே போகிற பிள்ளைகள் கடல் தாண்டியும் இருக்கிறார்கள். −16 எப்படியடா 43 ஆகும் என்று கேட்டால், 'அடுத்தது இதுதானே மிஸ்' என்கிறான். இங்கே திருத்துகிறவர்கள் இதற்கும் மார்க் குறைப்பது உண்டு. 0/0 வடிவத்தில் வரும் எல்லையைக் கண்டுபிடிக்க உதவும் லோபிதாள் விதிக் கணக்குகளில் தொகுதியும் பகுதியும் தனித்தனியே பூஜ்யத்தை நெருங்குகின்றன என்று எழுதாமல், எல்லை = 0/0 என்று சமக்குறி போட்டுவிட்டால் அந்த மார்க் போய்விடும்.

இப்போதெல்லாம் வீட்டுக்கணக்கு கொடுத்துப் பயனில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். போனைக் காட்டினால் அதுவே படிப்படியாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. நான் வேறு வழிக்குப் போய்விட்டேன். வீட்டில் போடச் சொல்வதை விட்டுவிட்டு, வகுப்பில் திருத்தச் சொல்கிறேன். ஒரே கணக்குக்கு நானே மூன்று விடைகளை இட்டுக்கட்டுவேன். ஒன்றில் மாறிலி இருக்காது, ஒன்றில் காரணம் இருக்காது, ஒன்றில் வகுத்தல் தப்பு. மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, சிவப்புப் பேனாவையும் கையில் கொடுத்துவிடுவேன். முதல் தடவை பார்க்க வேண்டும்! நம் பக்கத்து மேஜைக்காரரே தேவலை. வகுத்தல் தப்பாகச் செய்த விடைக்கு சுழி, காரணமே சொல்லாமல் சரியான விடையை எழுதியவனுக்கு முழு மார்க். எதற்கு மார்க் என்று அவர்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. நாலைந்து வாரம் போனால், அவர்களே தங்கள் விடைகளில் 'ஏனெனில்' என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பல வருடம் கத்தியும் நடக்காத காரியம்.

நீ அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறாய், இனி எதற்கு இந்த வம்பு என்பாய். ஒரு வருடம் இருக்கிறது அல்லவா? வகைக்கெழுச் சமன்பாடு பத்தாம் பாடம், நீ அதற்கு வர எப்படியும் மாதங்கள் ஆகும். அதற்குள் தமிழில் மூன்று விடைகள் தயார் செய்து அனுப்புகிறேன். கிழங்கு வேண்டாம் என்றால் பிணத்தையே வைத்துக்கொள்வோம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

வீட்டுச் செய்தி: அவருக்கு முழங்கால் வலி தேவலை, காலையில் நடக்கிறார். பையன் கணக்கு வேண்டாம் என்று பொருளாதாரம் எடுத்திருக்கிறான். முதல் செமஸ்டரிலேயே கால்குலஸ் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் போன் செய்தான். நான் சிரித்ததில் அவனுக்குக் கொஞ்சம் கோபம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை டிசம்பரில் வைத்திருக்கிறோம், அதற்கு வருகிறேன். மதுரையில் பத்து நாள் இருப்பேன். உங்கள் அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் அப்போது உன் வீட்டில்தானே கிடக்கும்? ஒரு கட்டை எனக்கு எடுத்து வை. திருத்திக் கொடுக்க மாட்டேன், படித்துப் பார்க்கிறேன். சண்டை வந்தால் நான்கு மார்க்குக்கு இரண்டு ஓட்டாக இருக்கும்.

அன்புடன்,
மாலா