கேமராவை ஒளித்து வைக்கும் தம்பிகளுக்கு, படம் தொடங்கும் முன்

குமரி மாவட்டத்துத் தெருக்களில் ஆட்களை விளையாட்டாக ஏமாற்றி பிராங்க் வீடியோ எடுக்கும் தம்பிகளுக்கு,

உங்கள் தொடரைச் சினிமாவாக எடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம். கலைவாணர் பிறந்த ஒழுகினசேரி நம் நாகர்கோவிலில்தான் இருக்கிறது. நம் சந்தைகளும் நம் பேச்சும், யாரும் எழுதிக் கொடுக்காத வசனத்தோடு பெரிய திரைக்கு வருமென்றால் முதல் நாளே டிக்கெட் எடுப்பவள் நான். அதனால்தான் படப்பிடிப்புக்கு முன்பே இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். படத்தில் அசடு வழிவது உங்கள் ஆளாக இருக்கட்டும், வழியில் போகிறவர் வேண்டாம்.

தோவாளைப் பூச்சந்தையில் எடுத்ததை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவன் வந்து, பெண் வீட்டு விலாசம் தொலைந்துவிட்டது என்று அழுகிறான். பூக்கார அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு, "அழாத மக்கா, மொதல்ல ஒரு சாயா குடி" என்று உட்கார வைக்கிறார். சிரிப்பு முழுக்க அவன்மேல், மரியாதை முழுக்க அந்த அம்மாவுக்கு. ஆனால் குளச்சலில் மீன் விற்கும் பெரியவரிடம் அதிகாரி வேஷத்தில் போய் அபராதம் என்று மிரட்டினீர்களே, அதில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. பொய் என்று தெரிந்த பிறகும் அவர் கை நடுக்கம் நிற்கவில்லை. போனில் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். தியேட்டரில் அந்த முகம் சுவர் அளவுக்கு நிற்கும், அவருடைய பேரப்பிள்ளைகளும் கூட்டத்தில் இருப்பார்கள்.

படம் ஓடுவதற்கும் இதுதான் வழி. குட்டிக் குட்டி வீடியோக்களை வரிசையாக ஒட்டினால் இடைவேளை வரைகூடத் தாங்காது. 2013-இல் வந்த 'பேட் கிராண்ட்பா' என்ற ஹாலிவுட் பிராங்க் படத்தில் நடிகர் ஜானி நாக்ஸ்வில் 86 வயதுக் கிழவராக மேக்கப் போட்டு, பேரனை அவன் அப்பாவிடம் ஒப்படைக்க ஊர் ஊராகக் காரில் போகிறார். கதை அந்த இருவருடையது, எதிர்ப்படுகிறவர்களில் பெரும்பாலோர் நிஜ மனிதர்கள். ஊருக்கே தெரிந்த முகத்தையும் அந்த மேக்கப் மறைத்தது, ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனது. உங்களுக்கும் அப்படி ஒரு மேக்கப் தேவைப்படும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் உங்களைக் கண்டாலே "கேமரா எங்கடே?" என்று கேட்கிறார்கள். அந்த மாப்பிள்ளையையே களியக்காவிளையில் பஸ் ஏற்றி, மார்த்தாண்டம், தக்கலை வழியாக ஆரல்வாய்மொழி வரை பெண் வீட்டைத் தேடவிடுங்கள். நம் ஆட்கள் அவனுக்கு வழி சொல்வார்கள், திட்டுவார்கள், சோறும் போடுவார்கள். அதைவிட நல்ல திரைக்கதை வேறு வேண்டுமா?

மறுபக்கத்தையும் பாருங்கள். நிஜ மனிதர்களை வைத்தே எடுத்து 2006-இல் வந்த 'போரட்' என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்துக்காக ருமேனியாவின் கிளோட் கிராமத்தில் எடுத்தார்கள். ஆவணப்படம் என்று சொல்லி ஏமாற்றி, எங்களைக் கேவலமாகக் காட்டிவிட்டார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்கில் ஜெயிக்கவில்லை. ஆனாலும் உலகமே சிரித்த காட்சியில் தங்கள் வீடும் முகமும் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்! இங்கேயும் 2019 ஏப்ரலில், டிக்டாக் வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிராங்க் வீடியோக்களையும் கண்டித்தது. ஒருவரைக் கேலிப்பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று சொன்னது.

அப்புறம், ஒப்புதல் படிவம். "சும்மா ஒரு கையெழுத்து" என்று ஆங்கிலத் தாளை நீட்டாதீர்கள். தமிழில் எழுதுங்கள். களியக்காவிளைப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களுக்கு மலையாளத்தில் வாசித்துக் காட்டுங்கள். யூடியூபுக்கு முன்பு வாங்கிய சம்மதத்தைச் சினிமாவுக்கும் சேர்த்துக்கொள்ளாமல் புதிதாகக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே சரி என்றவர், வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் பேசியபின் வேண்டாம் என்றால், காட்சி எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் எடிட்டிங்கிலேயே வெட்டிவிடுங்கள். குளச்சல் பெரியவரிடமும் ஒருமுறை போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் யூடியூபில் இருக்கும் அந்த வீடியோவையும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீடியோக்களைத் தவறாமல் பார்க்கும் தக்கலைக்காரி