மிச்ச இடத்தில் விளையாட்டுத் திடல் வேண்டாம்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பழைய அடுக்குக் குடியிருப்புகளை இடித்து உயரமாகக் கட்டும் வேலை நடக்கிறது. இனி வரும் வரைபடங்களில் பிள்ளைகள் விளையாடும் இடத்தை முதலில் குறியுங்கள். பிளாக்குகளைப் பிறகு வையுங்கள்.

வழக்கம் இதற்குத் தலைகீழ். பிளாக், சாலை, டிரான்ஸ்ஃபார்மர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் அமர்ந்தபின் எஞ்சிய மூலைக்குக் கம்பிவேலி போட்டுப் 'பூங்கா' என்கிறோம். விதிப்படி விட வேண்டிய 10 சதவீதத் திறந்தவெளி கணக்கில் சரியாக வந்துவிடும். மாடிப்படியிலிருந்து அது எத்தனை அடி என்று யாரும் அளப்பதில்லை. ஆறு வயதுப் பிள்ளை தனியாக அங்கே போகாது. படிக்கட்டின் அடியில்தான் ஆடும். அங்கேதான் பைக்கும் தண்ணீர் லாரியும் வருகின்றன. நான்கைந்து மாடிக்கு மேலிருந்து அம்மா கூப்பிட்டால் கீழே கேட்காது. பிறகு என்ன, கதவைச் சாத்தி உள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு படிக்கட்டின் எதிரிலும் சிறு முற்றம் வேண்டும். பிளாக்கின் கிழக்குப் பக்கம் அமைந்தால், பள்ளி விட்டு வரும் நேரத்தில் கட்டட நிழலே அங்கு விழும். மேற்கில் வைத்தால் மாலை வெயிலில் இரும்புச் சறுக்கில் உட்கார முடியாது. இன்டர்லாக் கல் மட்டும் பரப்பாதீர்கள். அதில் பாண்டிக்குக் கட்டம் வரைய முடியாது, பம்பரமும் நிற்காது. 3 மீட்டருக்கு 6 மீட்டர் வழவழப்பான சிமெண்டுத் தரை போதும். பாட்டிகள் உட்கார ஓரமாக ஒரு திண்ணை. பாதாளச் சாக்கடை மூடிகளை அங்கே வைக்கவே வேண்டாம்: மூடி உடைந்தாலோ அடைத்துக்கொண்டு பொங்கினாலோ அன்றோடு விளையாட்டு போயிற்று.

தீயணைப்பு வண்டிக்கென விடும் பாதைதான் பெரிய சிக்கல். காலியாக இருப்பதால் வண்டி நிறுத்துமிடமாகிவிடுகிறது. கழற்றக்கூடிய தூண்கள் கார்களைத் தடுக்கும், பைக்கைத் தடுக்காது. பைக் நிறுத்தத்தை வளாக நுழைவாயிலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே வையுங்கள். படிக்கட்டைத் தாண்டிப் பின்புறம் வைத்தால் எல்லா வண்டியும் முற்றத்தின் ஊடாகத்தான் போகும்.

கிரிக்கெட்டுக்கு நீளமான தனி இடம் மதில் ஓரமாக இருக்கட்டும். நடுவில் ஒரே திடல் என்றால் பெரிய பையன்கள் பிடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

மாடி நடையின் கைப்பிடிக் கம்பிகள் செங்குத்தாக, 10 சென்டிமீட்டருக்குள் இடைவெளியோடு இருக்கட்டும். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி. புங்கை கன்றுகளை, பள்ளம் தோண்டும் வேலை முடிந்ததுமே வேலியிட்டு நடுங்கள். திறப்பு விழாவன்று நட்டால் நிழலுக்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

வரைபட ஒப்புதல் தாளில் படிக்கட்டுக்கும் முற்றத்துக்கும் உள்ள தூரத்தை எழுத ஒரு கட்டம் சேருங்கள். 15 மீட்டரைத் தாண்டினால் அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பு வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பணிபுரிவோர்