கிராங்க்கேஸ் வாயுவுக்கும் வழி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

டாட்சன் 280இசட் காரின் ஃபியூல் இன்ஜெக்ஷனைக் கழற்றிவிட்டு மூன்று வெபர் கார்புரேட்டர்களைப் பொருத்துவது பற்றித் தங்கள் வாகனப் பகுதியில் வந்த கட்டுரை, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதியில் கிராங்க் தண்டு சுழலும் அறைக்குள்) கசியும் வாயுவை என்ன செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

பழைய மேனிபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதியில்) ஆறு சிலிண்டர்களுக்கும் பொதுவாக இருந்த வெற்றிடம், பி.சி.வி. வால்வு (கிராங்க்கேஸ் வாயுவை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) வழியாக அந்த வாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெபரிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாதை என்பதால், அந்த ஹோஸை ஏதேனும் ஒன்றில் செருகினால் அந்தச் சிலிண்டரில் மட்டும் காற்று மிகுந்து, ஐடிலிங்கில் இன்ஜின் தடுமாறும். அதற்காக வாயு வெளியேறும் துளையையே அடைத்துவிடுவது இன்னும் மோசம்: நண்பர் ஒருவரின் காரில் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் மேலெழும்பி, பின்பக்க ஆயில் சீல் ஒழுகி, கிளட்ச் தட்டே நனைந்துபோனது.

இன்ஜினின் மேல்மூடியான வால்வு கவர், இன்ஜின் பிளாக் இரண்டிலிருந்தும் அகலமான ஹோஸ்களை ஓர் எண்ணெய் சேகரிப்பு டப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஏர் ஃபில்டருக்கு இணைப்பதே என் பரிந்துரை. குளிர்காலத்தில் அந்த டப்பாவில் பால் காப்பி நிறத்தில் நீர் கலந்த எண்ணெய் தேங்கும் என்பதால், அதை அடிக்கடி திறந்து கொட்டிவிட வேண்டும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்