எங்கள் பள்ளிக்கு வந்த சிஸ்டருக்கும், கூட நின்ற எல்லோருக்கும் நன்றி

கேரளத்தில், பாலக்காட்டு எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும் பள்ளிக்கூடத்தாருக்கும் வணக்கம்.

என் பையனுடைய ரத்தப் பரிசோதனை ரிசல்ட் நேற்று சாயங்காலம் வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.5 சதவீதம். “5.7க்குக் கீழே என்றால் நார்மல்தாம்மா” என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பேச்சே வரவில்லை. எடை கூடியிருந்த பையனுக்குச் சர்க்கரை வந்துவிடுமோ என்று நாங்கள் பயந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றி மட்டும் சொல்ல வேண்டும்.

முதலில் சிஸ்டருக்கு. ஆரோக்கிய கேந்திரத்திலிருந்து, அதாவது சுகாதார நிலையத்திலிருந்து, பள்ளிக்கு வருகிற நர்ஸ். அவர் செய்தது வெளியே தெரிகிற பெரிய காரியம் இல்லை. எடை பார்க்க வந்த அன்று மெஷினை வராந்தாவில் வைக்காமல் லைப்ரரி அறைக்குள் கொண்டுபோனார். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் தானே குறித்துக்கொண்டார். வகுப்பு லீடர் நோட்டும் பேனாவுமாகப் போய், “நான் எழுதட்டுங்களா சிஸ்டர்?” என்று கேட்டதற்கு, “வேண்டா மோனே, ஞான் எழுதிக்கோளாம்” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குள் கால் வைத்ததும் என் மகன் சொன்ன முதல் வார்த்தை: “அம்மா, யாருக்கும் கேக்கலை.”

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, ஒருவர் எண்ணை உரக்கச் சொல்ல இன்னொருவர் எழுதுவதுதான் பல இடங்களில் வழக்கம். மத்தியானத்துக்குள் அந்த எண்ணே பட்டப்பெயராகிவிடும். அப்படிப் பெயர் வாங்கிய பிள்ளை மைதானத்தில் இறங்குமா? நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுமா? எந்தப் பிள்ளை ஓடியாட வேண்டும் என்று எடை பார்க்கிறோமோ, அதே பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

அன்று சாயங்காலம் வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி நான்காக மடித்து, பின் அடித்த தாள் ஒன்று கொடுத்தனுப்பினார். ஒல்லியான பிள்ளைக்கும் உண்டு, ரத்தம் குறைவான பிள்ளைக்கும் உண்டு, என் பையனுக்கும் உண்டு. பின்னைப் பிரித்தால் உள்ளே தமிழ்! இங்கே சர்க்கார் நோட்டீஸ் பெரும்பாலும் மலையாளத்தில்தான் வரும், பேசத் தெரிந்தாலும் வாசிக்கத் தெரியாதவர்கள் எங்கள் தெருவில் நிறைய. சிஸ்டர் தமிழ் டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதி வாங்கி, ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார். என் பையனுடைய தாளின் அடியில் மட்டும் பேனாவில் சேர்த்திருந்தது: “கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கருப்பு நிறம், அழுக்கு இல்லை, தேய்க்க வேண்டாம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் இப்படி வரலாம். ரத்தம் பார்த்துவிடுங்கள். பயப்படாதீர்கள், இப்போதே கவனித்தால் சரி பண்ணலாம்.”

அந்த நாலு வரிதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது. கொழுகொழுவென்று இருந்தால் ‘நல்லா திங்கிற பிள்ளை’ என்று கன்னத்தைக் கிள்ளுகிற ஊர் இது. நாமாகவா பார்த்திருப்போம்? சிஸ்டர், உங்களை என்றும் மறக்க மாட்டோம்.

அப்புறம் மற்றவர்கள். பாடம் முடிக்க எடுத்துக்கொண்டிருந்த பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்த கணக்கு மாஷ், பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிஷமாவது உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்தில் எடுத்துச் சொன்ன ஹெச்.எம்., வாட்டர் பெல் அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைக்கிற எட்டாம் வகுப்புப் பெண்கள், இரண்டாம் தடவை சோறு கேட்டால் முதலில் பயறையும் காயையும் வைக்கிற சமையல் அக்கா, எல்லோருக்கும் நன்றி. எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டுகிற ‘சர்க்கரைப் பலகை’யை சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் வைக்கச் சொன்னது 2025இல். எங்களுடையது மாநிலப் பாடத்திட்டப் பள்ளி, யாரும் வைக்கச் சொல்லவில்லை. ஆனாலும் சயன்ஸ் டீச்சர் தானாகவே ஒன்று செய்தார். 300 மில்லி கோலாவுக்குப் பக்கத்தில் சுமார் எட்டு டீஸ்பூன் சர்க்கரையைக் கவரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். என் பையன் அதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்கு வருகிற மாமா சித்தப்பாவுக்கெல்லாம் வகுப்பு எடுக்கிறான்.

எதிர்க் கடை அண்ணனைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று 2020இலேயே விதி வந்தாயிற்று. அதைக் காட்டி அவரை யாரும் மிரட்டவில்லை. பி.டி.ஏ.வில் பேசினோம், அவ்வளவுதான். கோலாவையும் பாக்கெட்டுகளையும் எடுத்துவிட்டு மோரும் வேகவைத்த கடலையும் வைத்துவிட்டார். அவருக்கு வியாபாரம் குறையாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. வீட்டுச் சாமானையும் அங்கேயே வாங்குங்கள்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு 2023இல் வெளியானபோது, கேரளத்தில் பெரியவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை என்று பேப்பரில் படித்தேன். என் அப்பாவும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார், மாமியாரும் இருக்கிறார். நம் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேர வேண்டியதில்லை என்று இப்போது நம்புகிறேன். ஒரு வீடு மட்டும் தனியாக நின்று இதைச் செய்ய முடியாது. என் பையனுக்கு மட்டும் மோர், மற்றவர்களுக்கெல்லாம் கோலா என்றிருந்தால் அவன் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டான். மொத்த வகுப்பும் சேர்ந்து மாறியதால்தான் அவனுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்ததும் பி.டி.ஏ.வில் எழுந்து கேட்கப் போகிறேன்: மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கும் அந்தத் தமிழ்த் தாள் போக வேண்டும். சிஸ்டர், ஜெராக்ஸ் செலவு என்னுடையது. மடித்துப் பின் அடிக்க ஆள் வேண்டுமென்றாலும் சொல்லியனுப்புங்கள், நானும் ஆஷா அக்காவும் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா
கொழிஞ்சாம்பாறை